இஞ்சி பீரும் ஒரு மைக்ரான் கேன்டிலும்

பாட்டிலில் அடைக்கும் முன் பீரை வடிகட்டலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நுரைக்க வைக்கும் கேஸ் எங்கிருந்து வரப்போகிறது? சிலிண்டரிலிருந்து என்றால் மனம்போல வடிகட்டுங்கள். பாட்டிலுக்குள் ஈஸ்ட்டே கேஸை உண்டாக்கட்டும் என்றால், வேலைக்காரனை வெளியே அனுப்பிவிட்டு வேலை நடக்கவில்லையே என்று உட்கார்ந்திருக்க முடியாது. இது முடிவானால்தான் எந்தக் கேன்டில் (தண்ணீர் ஃபில்டருக்குள் வைக்கும் வடிகட்டி உருளை), எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்கிற பேச்சுக்கே இடம்.

நான் போடுவது இஞ்சி பீர். பார்லி பீருக்குக் கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரனுக்கு வழியில்லை. இந்தப் பக்கம் கொல்லம் ஆண்டு (மலையாள வருஷம்) 1077-ல் வந்த அப்காரி என்கிற மதுச் சட்டம்; வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டினால் தமிழ்நாட்டின் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். இரண்டு பக்கமும் லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சக்கூடாது. எங்கள் சித்தூர் தாலுக்காவில் தென்னை தென்னையாகக் கள் இறங்குகிறது, அதுவும் லைசன்ஸ் உள்ள ஷாப்புக்குத்தான் போயாக வேண்டும். அமெரிக்காவில் வீட்டு பீருக்கு 1978-ல் சட்டம் வழிவிட்டது. அதனால் இந்த வேலையைப் பற்றிக் கிடைக்கும் பாடமெல்லாம் பெரும்பாலும் அந்த ஊர்க் கணக்கில், ஐந்து கேலன் பீப்பாய், ஹாப்ஸ் பூ, மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி என்றுதான் இருக்கும். நம் பாத்திரத்தில் இஞ்சியும் சர்க்கரையும் எலுமிச்சையும்தான். ஆனால் ஈஸ்ட், கேஸ், அடிமண்டி மூன்றும் அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 0.5 சதவீத ஆல்கஹாலுக்கு மேலே போனதைத்தான் மதுபானம் என்ற கணக்கில் வைக்கிறது. என் இஞ்சி பீரை அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிறுத்திவிடுவேன். விற்க நினைப்பவர்கள் முதலில் எக்சைஸ் ஆபீஸில் கேட்டுவிட்டு வந்து மேலே படியுங்கள். மாநிலச் சட்டம் இன்னும் கறாரானது.

பத்து லிட்டருக்கு என் அளவு: இஞ்சி 400 கிராம், வெள்ளைச் சர்க்கரை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, வாசனைக்கு ஒரு துண்டு கருப்பட்டி, எலுமிச்சை எட்டு, பேக்கரிக்காரர்கள் போடும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அரை டீஸ்பூன். தண்ணீர் கேன் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் டீ போட்டாலே மேலே ஆடை படியும், அதை இதில் கொண்டுவந்து விடவேண்டாம். மொத்தச் சர்க்கரையையும் கருப்பட்டியாகவோ வெல்லமாகவோ போட்டால் நிறம் அருமையாக வரும், வடிகட்டும் நாளில் அழ வைக்கும். எவ்வளவு நல்ல வெல்லமானாலும் கரைத்து வைத்தால் அடியில் மண்ணும் நாரும் நிற்கும். துணியில் தப்பிப் போகிற நுண்ணிய தூள் இன்னும் மோசம்.

கலங்கலுக்கு முதல் காரணம் ஈஸ்ட் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இஞ்சி பீரில் முதல் காரணம் இஞ்சியேதான். இஞ்சியில் மாவு உண்டு. துருவிப் பிழிந்த சாற்றை ஒரு டம்ளரில் அசையாமல் வைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு இறங்கியிருக்கும். மேலே இருப்பது பொன்னிறமாகத் தெளிந்திருக்கும். சாற்றைப் பிழிந்த கையோடு கொதிக்க வைத்தால் அந்த மாவு கஞ்சியாகிவிடும். அப்படிக் கஞ்சியானது பிறகு ஃபிரிட்ஜில் வைத்தாலும் இறங்காது. கேன்டிலில் ஊற்றினால் மேல் தோலில் பசையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

இதற்கு வைத்தியம் வெளிநாட்டுப் புத்தகத்தில் இல்லை, எங்கள் அத்தையிடம் இருந்தது. இஞ்சிச் சாறு எடுக்கும்போதெல்லாம் அவர் சொல்வது: "தெளிய வெச்சு மேலாக எடுக்கோணும் கண்ணு, அடியில நிக்கிறது ஆகாது." இஞ்சிக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று தோலையும் சுரண்டி எறிந்துவிடுவார். அவர் வயிற்றுக்காகச் சொன்னது எனக்குக் கேன்டிலுக்கு உதவியது. தோல் சீவி, துருவி, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிழிந்து, சாற்றை ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் அசையாமல் வைக்கிறேன். மேல் தெளிவை மட்டும் மெல்லச் சாய்த்து எடுத்து 70 டிகிரி வரை சூடாக்கி, கொதிக்க விடாமல் அந்தச் சூட்டிலேயே சில நிமிஷம் வைக்கிறேன். அடியில் நின்ற வெள்ளையைக் கொட்டிவிடுகிறேன், சக்கை ரசத்துக்குப் போகும். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் வடிகட்டும் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

சர்க்கரைப் பாகையும் சாற்றையும் தண்ணீரோடு சேர்த்து 30 டிகிரிக்கு ஆற்றிய பின் ஈஸ்ட். ஏப்ரல் மாதம் எங்கள் ஊரில் ஆற்றுவது என்பதே ஒரு கனவு. பைப்பில் வருகிற தண்ணீரே அந்தச் சூட்டில்தான் வரும். கிழக்குப் பாலக்காட்டில் கணவாய்க் காற்று அடித்தாலும் சுட்டுக்கொண்டே அடிக்கும். ஐஸ் கட்டி போட்ட அண்டாவில் பாத்திரத்தை இறக்கி வைப்பேன்.

எப்போது நிறுத்துவது? இதற்கு ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவை) கட்டாயம். தண்ணீரை 1.000 என்று வைத்தால் என் கலவை 1.038-க்குப் பக்கத்தில் தொடங்கும். அடர்த்தி குறைந்த அளவை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். 0.003 இறங்கினால் 0.4 சதவீதம், 0.004 இறங்கினால் கோட்டைத் தாண்டிவிடும். அவ்வளவு குறுகலான இடம். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு போட்டு வருகிறது. 32 டிகிரி திரவத்தில் மிதக்கவிட்டால் வெறும் வெப்பத்தினாலேயே 0.003 குறைவாகக் காட்டும். அதாவது ஈஸ்ட் ஒன்றுமே செய்யாமலே வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். முதல் அளவும் கடைசி அளவும் ஒரே வெப்பநிலையில் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு மாதிரியையும் சின்ன கிளாஸில் எடுத்து, ஒரே வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்க்கிறேன். அளக்கும் முன் கிளாஸை ஆற்றி ஆற்றி ஊற்றிக் கேஸைப் போக்கிவிடவும் வேண்டும். குமிழி ஹைட்ரோமீட்டர் மேலே ஒட்டிக்கொண்டு தூக்கிக் காட்டும்.

நம் வெயிலுக்கு இந்த 0.003 இறங்க ஒரு ராத்திரி தாராளம். இறங்கிய உடனே ஃபிரிட்ஜ்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.003 இறங்க லிட்டருக்குச் சுமார் ஆறு கிராம் சர்க்கரையை ஈஸ்ட் தின்றிருக்கும்; அதில் பாதி எடை ஆல்கஹால், பாதி எடை கார்பன் டை ஆக்சைடு. மூன்று கிராம் கேஸ் என்பது ஒன்றரை மடங்கு. அதாவது ஒரு லிட்டர் பானத்துக்குள் ஒன்றரை லிட்டர் கேஸ். இங்கிலீஷ் ஏல் வகை பீருக்கு அதுவே போதும். ஆகையால் ஈஸ்ட் போட்ட கையோடு பாட்டிலில் ஊற்றி மூடியிருந்தால், அதே 0.4 சதவீதத்தில் கேஸும் இலவசமாகக் கிடைத்திருக்கும். திறந்த பாத்திரத்தில் விட்டதால் அதில் பெரும்பகுதி சமையலறைக் காற்றோடு போய்விட்டது. நாட்டு முறை இஞ்சி பீரும், பாட்டிலிலேயே நுரைக்கவிடும் பார்லி பீரும் இந்த வழியில்தான் போகின்றன. அதற்கு வடிகட்டி வேண்டாம். குளிரில் வைத்தால் ஈஸ்ட் தானே கீழே இறங்கும். மேலே தெளிந்ததைக் குழாய் போட்டு இறக்கி, லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை சேர்த்து அடைத்தால் பார்லி பீர்க்காரர்களுக்கு வேலை முடிந்தது. கண்ணுக்குத் தெளிந்து தெரிகிற பீரிலும் பாட்டிலை நுரைக்க வைக்கப் போதுமான ஈஸ்ட் மிதந்துகொண்டுதான் இருக்கும். மெல்லிய துணி, ஸ்டீல் வலை இவற்றில் வடிப்பதும் அவர்களுக்குப் பிரச்சினையில்லை. எலுமிச்சைக் கொட்டை, நார் இதெல்லாம் நிற்கும், ஐந்து முதல் பத்து மைக்ரான் அளவுள்ள ஈஸ்ட் கண்டுகொள்ளாமல் உள்ளே போய்விடும்.

அப்புறம் நான் ஏன் வடிகட்டுகிறேன்? பேக்கரி ஈஸ்ட்தான் காரணம். பீருக்கென்று வளர்த்த ஏல் ஈஸ்ட் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு கனமாகி அடியில் கெட்டியாகப் படியும். பேக்கரி ஈஸ்ட் தூசியாக மிதந்துகொண்டே இருக்கும். இறங்கினாலும் இளகி நிற்கும், மூடியைத் திறந்ததும் கேஸ் பொங்கும்போது மண்டி மொத்தமும் மேலே கிளம்பும். முதல் கிளாஸ் தெளிவு, கடைசிக் கிளாஸ் இட்லி மாவு வாசனை. வீட்டில் நான் குடிக்க அது பரவாயில்லை. விசேஷத்துக்கு வருகிறவர்கள் கையில் அதைக் கொடுக்க முடியாது.

ஜெலட்டின் போட்டும் தெளிய வைக்கலாம். பத்து லிட்டருக்கு அரை டீஸ்பூன், 70 டிகிரித் தண்ணீரில் கொதிக்காமல் கரைத்து, நன்றாகக் குளிர்ந்த பானத்தில் ஊற்றினால் ஈஸ்ட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கும். கேன்டிலைவிட மலிவு, வேலையும் குறைவு. ஜெலட்டின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. அத்தை சைவம், அந்தக் கதை அதோடு முடிந்தது.

வடிகட்டிக்கு எதையும் வெளியூரிலிருந்து தருவிக்கவில்லை. ஆர்.ஓ. சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் பத்து இன்ச் ஹவுசிங் (கேன்டில் உட்காரும் கூடு) இரண்டு, ஐந்து மைக்ரான் ஸ்பன் கேன்டில் ஒன்று, ஒரு மைக்ரான் ஸ்பன் ஒன்று, உணவுத் தரக் குழாய், நிப்பிள், டெஃப்லான் டேப். கடைக்காரர் பழக்கதோஷத்தில் கார்பன் கேன்டிலையும் எடுத்து வைப்பார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். கார்பன் குளோரின் வாடையை எடுக்கிற மாதிரியே இஞ்சி வாசனையையும் எடுத்துவிடும், சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். கூடவே பூஸ்டர் பம்பும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. பம்ப் இணைப்பில் எங்காவது காற்று இழுத்தால் அதைப் பானத்தில் கலக்கி அடிக்கும். இஞ்சி பீர் அதை ஓரளவு தாங்கும். பார்லி பீர் தாங்காது, சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டிச் சுவை வந்துவிடும். பெரிய ஆலைகளில் பீரை உறைநிலைக்குப் பக்கத்தில் குளிர்வித்து, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்திலேயே வடிகட்டுவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், பார்லியின் புரதமும் உமியின் துவர்ப்பும் சேர்ந்து குளிரில் உண்டாக்கும் கலங்கல். சூட்டில் கரைந்து வடிகட்டிக்குள் ஒளிந்து போய்விடும். பாட்டில் ஃபிரிட்ஜுக்குள் போனதும் திரும்ப வந்து நிற்கும். குளிர்ந்திருக்கும்போதே வடித்தால்தான் பிடிபடும்.

என்னுடையது பரண் முறை. ஃபிரிட்ஜில் தட்டுகளை எடுத்துவிட்டு (பாலும் தோசை மாவும் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும்) ஒரு நாள் குளிர வைத்த பாத்திரத்தை அசைக்காமல் பரணில் ஏற்றுவேன். அடியில் இரண்டு விரல் உயரத்தில் பைப் வைத்த எவர்சில்வர் டிரம் அது. மண்டி பைப்புக்குக் கீழேயே தங்கிவிடும். அங்கிருந்து குழாய் இறங்கி ஐந்து மைக்ரானுக்கும், அதிலிருந்து ஒரு மைக்ரானுக்கும், கடைசியில் தரையில் இருக்கும் பாத்திரத்துக்கும் போகும். குழாய் முனை பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், மேலே இருந்து சளசளவென்று விழக்கூடாது. இரண்டு மீட்டர் உயரம் தருவது மூன்று பி.எஸ்.ஐ. அழுத்தம்தான். மண்டி இறங்கிய பானத்துக்கு அது போதும். இறங்காத பானத்தை நேராக ஒரு மைக்ரானில் விட்டால் கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாகி நின்றுவிடும். அழுத்தத்தைக் கூட்டித் தள்ளினால் பிடித்த ஈஸ்ட்டும் பிய்த்துக்கொண்டு மறுபக்கம் போகும்.

புதுக் கேன்டிலில் ஒரு பிளாஸ்டிக் வாடை இருக்கும். கொதித்து ஆறிய தண்ணீரை நாலைந்து லிட்டர் ஓட்டி அதைக் கழுவ வேண்டும். ஹவுசிங்கையும் குழாயையும் முந்தின நாளே லேசான பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, வாடை துளியும் இல்லாமல் அலசிவிடுவேன். ஹவுசிங் பிளாஸ்டிக்கில் கொதிதண்ணீர் ஊற்றவேண்டாம், கழுத்து விரிந்து ஓ-ரிங் உட்காராமல் ஒழுக ஆரம்பிக்கும்.

திறந்துவிட்டதும் முதலில் வருவது ஹவுசிங்கில் நின்ற தண்ணீர், பிறகு தண்ணீரும் பானமும் கலந்தது. நாக்கில் வைத்துப் பார்த்து, இனிப்பு முழுசாக வந்த பிறகுதான் பிடிக்க ஆரம்பிப்பேன். கடைசியிலும் ஒவ்வொரு ஹவுசிங்கிலும் கொஞ்சம் தங்கிவிடும். பத்து லிட்டரில் ஒன்றரை லிட்டர் போவது இந்த முறையின் வரி. சின்ன அளவில் போடுகிறவர்களுக்கு வடிகட்டி லாயக்கில்லை என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இன்னொன்று ஹவுசிங் தலையில் இருக்கும் சிவப்புப் பொத்தான். புளித்த திரவத்தில் கரைந்திருக்கும் கேஸ் கேன்டிலுக்குள் போகும்போது பிரிந்து மேலே கூடும். கண்ணாடி ஹவுசிங்காக இருந்தால் பார்க்கலாம்: மேலே வெள்ளை நுரை வளையம் வளர்ந்துகொண்டே வந்து கேன்டிலின் மேல்பாதியை உலர விட்டுவிடும். கீழ்ப்பாதி மட்டும் வேலை செய்யும், ஓட்டம் பாதியாகும். அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் கேன்டிலை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். சிவப்புப் பொத்தானை ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மெல்ல அழுத்தினால் புஸ்ஸென்று நுரை துப்பும், மட்டம் ஏறும், ஓட்டம் திரும்ப வரும். கேஸ் ஏற்றிய பிறகு ஏன் வடிகட்டக்கூடாது என்பதற்கும் இதுவே பதில். அப்போது ஹவுசிங் முழுக்க நுரைதான் இருக்கும்.

தெளிவைப் பார்க்க ஒரு கிளாஸில் பிடித்து, இருட்டில் பக்கவாட்டில் செல்போன் டார்ச் அடித்தேன். வடிகட்டாதது கிளாஸ் முழுக்க மஞ்சளாக ஒளிர்ந்தது. ஐந்து மைக்ரான் தாண்டியதில் டார்ச் ஒளி ஒரு கோடாக நீண்டு தெரிந்தது. ஒரு மைக்ரான் தாண்டியதில் அந்தக் கோடு வெளிறி, தேடினால்தான் தெரிகிற அளவுக்கு வந்தது. பகலில் பார்த்தால் ஐந்தும் ஒன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான்.

முடிந்ததும் இரண்டு கேன்டிலையும் ஹாக்சா பிளேடால் குறுக்கே அறுத்தேன். ஸ்பன் என்பது நூல் நூலாகச் சுற்றிய கெட்டி உருளை. வெளியிலிருந்து உள்ளே போகும் வழியெல்லாம் வடிகட்டல்தான். ஐந்து மைக்ரானின் வெட்டு முகத்தில் வெளித்தோல் காபிப் பழுப்பு, அதற்கு உள்ளே சந்தன நிறம், நடு ஓட்டைக்கு அருகிலும் லேசான மஞ்சள். நகத்தால் வெளித்தோலைச் சுரண்டினால் பேக்கரி வாசனையோடு குழைவாக வந்தது. உள்பக்கம் வரை நிறம் ஏறியிருக்கிறது என்றால் ஈஸ்ட் அதைத் தாண்டிப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு மைக்ரானில் வெளி விளிம்பு மட்டும் மஞ்சள், பாதிக்கு உள்ளே பால் வெள்ளை. இந்தக் கேன்டிலைக் கழுவி மறுபடி போடலாமா என்ற யோசனைக்கும் அந்த வெட்டு முகம் பதில் சொல்லிவிடும். சதைக்குள் புகுந்த ஈஸ்ட்டை எந்தக் கழுவலும் எடுக்காது. நூறு ரூபாய் அளவிலான சாமான், தூக்கிப் போடுவதே மேல்.

பால் வெள்ளையைப் பார்த்து ஈஸ்ட் முழுக்க நின்றுவிட்டது என்று நம்பிவிடக்கூடாது. ஸ்பன் கேன்டிலில் எழுதியிருக்கும் மைக்ரான் உத்தேச அளவு. பெரும்பாலானதைப் பிடிக்கும், எல்லாவற்றையும் பிடிக்காது. புளிப்பேற்றும் லாக்டோபாசில்லஸ் போன்ற பாக்டீரியா ஒரு மைக்ரானுக்கும் மெலிந்தது, தாராளமாகப் போகும். சோதனைக்காக, வடித்ததை ஒரு பெட் (பிளாஸ்டிக்) பாட்டிலில் ஊற்றி, மூடி, வேண்டுமென்றே அடுக்களை மேடையில் விட்டேன். அடுத்த நாள் மதியம் அமுக்கினால் அமுங்கியது. அதற்கடுத்த நாள் கல்லாக இறுகியிருந்தது. லிட்டருக்குத் தொண்ணூறு கிராம் சர்க்கரை உள்ளே இருக்கும்போது நாலு ஈஸ்ட் தப்பினாலும் போதும். கண்ணாடி பாட்டிலாக இருந்தால் வெடித்திருக்கும். ஆலைகளில் இந்த இடத்தில் 0.45 மைக்ரான் மெம்பிரேன் என்கிற சவ்வு வடிகட்டி போடுவார்கள், அல்லது பாட்டிலோடு 60 டிகிரி வெந்நீர்ச் சாரலில் நனைத்துப் பாஸ்டரைஸ் செய்வார்கள். நமக்குள்ள ஒரே பாதுகாப்பு ஃபிரிட்ஜ்தான். வடிகட்டுவதால் கிடைப்பது தெளிவு மட்டும். ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கும் உரிமையை அது தராது.

கேஸ் ஏற்றும் பாடம் எங்கள் பக்கத்துச் சோடாக் கடை அண்ணனிடம் கற்றது. கோலி சோடாவைத் தலைகீழாக வைத்து நிரப்புவார்கள். நிமிர்வதற்குள் கேஸ் அழுத்தம் கோலியைக் கழுத்து ரப்பரில் ஒட்ட வைத்துவிடும். ஹிரம் காட் என்ற இங்கிலீஷ்காரர் 1870-களில் கொண்டுவந்த பாட்டில், இன்னமும் நம் ஊரில் ஓடுகிறது. நான் கேட்டது, அவர் மெஷினில் பாட்டிலை ஏன் சுற்றிச் சுற்றி ஆட்டுகிறார் என்று.

"ஆட்டுனாத்தானுங் தம்பி கேஸ் தண்ணிக்குள்ள எறங்கும். அதுவும் சில்லுன்னு இருக்கோணும். சூட்டுத் தண்ணிக்கு எத்தனை கேஸ் உட்டாலும், மூடியத் தொறந்தா போயிருமுங்."

அவர் சொன்னது கேஸ் கரையும் அட்டவணையிலும் அப்படியே இருக்கிறது. இரண்டரை மடங்கு கேஸ் கரைய 4 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு பி.எஸ்.ஐ. போதும். 30 டிகிரியில் அதற்கு நாற்பது வேண்டும். வடிகட்டும்போது பானம் சூடேறியிருக்கும், அதனால் திரும்ப ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் கேஸ். கொஞ்சம் ஈஸ்ட் கலந்த என் பானத்தை அவர் கோலி பாட்டிலில் ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு மட்டும், "கண்ணாடிங் தம்பி, வேண்டாமுங்" என்று முடித்துவிட்டார். சரியான பதில்.

வீட்டில் சிலிண்டர், ரெகுலேட்டர், பெட் பாட்டில் கழுத்தில் திருகும் கார்பனேஷன் மூடி. உணவுத் தர கேஸ் என்று கேட்டு வாங்கவும். பாட்டில் குளிர்பானம் வந்த பாட்டிலாக இருக்கவேண்டும், அடியில் ஐந்து கால் பூ வடிவம் இருக்கும். அது வெயிலில் எழுபது பி.எஸ்.ஐ. தாங்குவதற்கென்றே செய்தது; தண்ணீர் பாட்டில் இதற்கு ஆகாது. முக்கால் பாகம் நிரப்பி, பாட்டிலை அமுக்கி மேலே உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகி, 25 பி.எஸ்.ஐ. விட்டு, கேஸ் இறங்கும் சத்தம் நிற்கும்வரை ஆட்டுவேன். காற்றை வெளியேற்றாமல் விட்டால் ரெகுலேட்டர் காட்டும் அழுத்தத்தில் ஒரு பங்கு காற்றினுடையது, நுரை மெலிந்துதான் வரும். ஆட்டியதும் திறக்காதீர்கள். ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்தால் அடங்கும்.

சுவையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு மைக்ரான் தாண்டிய இஞ்சி பீர் பார்க்க அழகு, குடிக்கக் கொஞ்சம் மெலிவு. தொண்டையில் இறங்கும்போது இஞ்சி சுருக்கென்று பிடிக்குமே, அது குறைந்திருந்தது. காரம் தரும் எண்ணெய்ச் சத்து கலங்கலில் ஒட்டிக்கொண்டு கேன்டிலோடு போகிறது என்று நினைக்கிறேன். ஜெர்மனியில் கோதுமை பீரை வேண்டுமென்றே ஈஸ்ட்டோடு கலங்கலாகப் பரிமாறுவதில் நியாயம் இருக்கிறது. அத்தை இரண்டையும் குடித்துப் பார்த்துவிட்டு, வடிகட்டாததைக் காட்டி, "இதுதான் இஞ்சியாட்ட இருக்குது" என்றார்.

இப்போது ஒரு மைக்ரானை எடுத்துவிட்டு ஐந்து மைக்ரான் மட்டும் வைத்திருக்கிறேன், ஒரு ஹவுசிங் குறைந்ததால் வீணாவதும் பாதியானது. இஞ்சியை 500 கிராமாக ஏற்றியிருக்கிறேன். விசேஷத்துக்கு மட்டும் வடிகட்டி, சிலிண்டர், பரண் எல்லாம். வீட்டுக்கு என்றால் ஈஸ்ட் போட்ட கையோடு பெட் பாட்டிலில் ஊற்றி, அமுக்கிப் பார்த்து, இறுகியதும் ஃபிரிட்ஜில் தள்ளிவிடுகிறேன். இரண்டு வகையையும் இரண்டு வாரத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். குளிரிலும் ஈஸ்ட் முழுக்கத் தூங்குவதில்லை, வாரத்துக்கு ஒருமுறை பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுகியிருந்தால் மூடியை லேசாகத் தளர்த்தி, கேஸை விட்டு, திரும்ப மூடி வையுங்கள்.